நினைப்பைச் சொல்லாதவர்

எங்கள் அலுவலகத்து அக்காவிடம் நேரம் கேட்டால் மணிக்கூட்டைப் பார்க்காமல் சொல்ல மாட்டார். எல்லோரும் அப்படித்தானே என்று தோன்றும். ஆனால் சற்றுமுன்தான் பார்த்திருப்பார். கேட்டால் மறுபடியும் கையைத் திருப்பிப் பார்ப்பார். கண்டி டவுனில் பஸ்ஸுக்கு நிற்கும்போது பக்கத்தில் நிற்கும் யாராவது, "கட்டுகஸ்தோட்டை பஸ் போயிருச்சாங்க?" என்று கேட்டால், "நான் வந்த பிறகு போகேல்லை. அதுக்கு முந்தி நடந்தது தெரியாது" என்பார். கேட்டவர் அவரை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு வேறு ஆளிடம் போய்க் கேட்பார்.

மழை வருமா, சம்பலில் உப்புக் காணுமா, மனேஜர் இன்று நல்ல மனநிலையில் இருக்கிறாரா என்று அலுவலகத்தில் எல்லோரும் நாளெல்லாம் அள்ளி வீசும் அபிப்பிராயங்களில் ஒன்றுகூட அவர் வாயிலிருந்து வராது. "இன்னும் வாயில வைக்கேல்லை" என்பார், சம்பலைப் பற்றி. மனேஜரைப் பற்றிக் கேட்டாலும் ஏறக்குறைய அதே பதில்தான்.

இந்தப் பழக்கத்தை மூன்று வருடம் பக்கத்து மேசையிலிருந்து பார்த்தேன். முதலில் சிரிப்பு வந்தது. பிறகு மரியாதை வந்தது. பிறகு அது ராமு அண்ணனின் வேலையைக் கொண்டுபோனது.

எங்கள் நிறுவனம் பேராதெனிய வீதியில் ஒரு டயர்க் கடைக்கு மேல்மாடியில் இருந்தது. தேயிலை ஸ்டோர்களுக்குக் கட்டுப்பாட்டுப் பெட்டி செய்து கொடுப்பதுதான் எங்கள் வேலை. தோட்டத்துத் தொழிற்சாலையை எங்கள் பக்கத்தில் ஸ்டோர் என்றுதான் சொல்வோம். உலர்த்தும் டிரையரின் சூட்டைப் பார்த்து, அடுப்புக்குக் காற்று ஊதும் விசிறியைக் கூட்டிக் குறைப்பது அந்தப் பெட்டி. அக்கா யாழ்ப்பாணத்துக்காரர். பேராதெனியப் பல்கலைக்கழகத்துக்குப் படிக்க வந்து, கண்டியிலேயே நின்றுவிட்டவர். நான் ஹந்தானைப் பக்கம் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பிறந்தவள். மின்னணுப் பலகைகளைப் பார்ப்பவர் மடவளையிலிருந்து வரும் நவ்ஷாத். அவர் அக்காவை 'ராத்தா' என்பார். அவர்கள் வீட்டில் அக்காவுக்கு அதுதான் சொல்.

பெட்டிக்குள் ஒரு சின்னக் கணினி. அதன் அடித்தளத்தில் ஓடும் நிரலைக் கேர்னல் என்போம். மேலே ஓடும் எது விழுந்தாலும் கேர்னல் தூக்கி நிறுத்தும். கேர்னலே விழுந்தால் தூக்க ஆளில்லை. விழும் கணத்தில் அது திரையில் சில வரிகளைக் கொட்டிவிட்டு உறைந்துபோகும். அந்த வரிகளில் இருப்பது ரெஜிஸ்டர்கள். வேலை செய்துகொண்டிருந்த செயலி அந்தக் கணத்தில் கையில் எந்தெந்த எண்களைப் பிடித்திருந்தது என்ற விவரம். ஒரு ரெஜிஸ்டர், எந்தக் கட்டளையில் நின்றது என்று சொல்லும். இன்னொன்று, எங்கிருந்து அங்கே வந்தது என்று சொல்லும். மற்றவை வெறும் எண்கள். எதற்கு வைத்திருந்தது என்று நாம்தான் தேட வேண்டும். மின்சாரத்தை நிறுத்தினால் எல்லாம் அழிந்துபோகும்.

அதனால் அக்காவுக்கு ஒரு கண்டிப்பு இருந்தது. விழுந்த பெட்டியில் யாரும் கை வைக்கக் கூடாது. முதலில் திரையைப் படம் எடுக்க வேண்டும். பிறகுதான் மற்றதெல்லாம்.

படம் வந்ததும் அவர் எண்களைத் தாளில் எழுதி, ஒவ்வொன்றாகப் போவார். அந்த நேரத்தில் நவ்ஷாத் சும்மா இருக்க மாட்டார்.

"ராத்தா, பவர் சப்ளையாத்தான் ஈக்கும். நான் பந்தயம் கட்டுறேன்."

"கட்டும்."

"நீங்க என்னத்துக்குக் கட்டுறீங்க?"

"நான் கட்டேல்லை. எனக்குத் தெரியாது."

"தெரியாதுண்டு தெரியும். நெனைக்கிறதச் செல்லுங்களேன்."

"நினைக்கிறது தகவல் இல்லை, நவ்ஷாத்."

ஒருமுறை பெட்டிகள் வரிசையாக ஒரே இடத்தில் விழுந்தன. கேர்னலில் நினைவகத்தை விடுவிக்கும் பகுதியில். எல்லோரும் அந்தப் பகுதியை எழுதியவரைப் பிடித்துக்கொண்டார்கள். மனேஜர் அவருக்கு வேலையிலிருந்து நிறுத்தும் கடிதம் கொடுக்கவே தயாராகிவிட்டார். அக்கா மட்டும், "இது விழுந்த இடம். அவ்வளவுதான் இதில இருக்கு" என்றார். தள்ளிய பிழை எது என்று அவர் கண்டுபிடித்தபோது அது வேறு எங்கோ, யாரும் சந்தேகிக்காத ஒரு மூலையில் இருந்தது. கடிதம் கிழிக்கப்பட்டது. அக்காவின் வாயை எல்லோரும் மதிக்கத் தொடங்கியது அன்றைக்குத்தான். அவர் ஒன்றை 'ஓம்' என்று உறுதிப்படுத்தினால் அதற்கு மேல் கேள்வி கிடையாது.

இது கல்நெஞ்சு அல்ல என்று எனக்கு வேறு விதமாகத் தெரியும். அப்பாவைப் பெரியாஸ்பத்திரியில் சேர்த்திருந்த நாள். வந்த சொந்தக்காரர்கள் எல்லோரும், "ஒண்ணும் ஆகாதும்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஒவ்வொருவர் சொல்லும்போதும் எனக்குப் பயம் கூடியது. அக்கா மத்தியானம் வந்தார். கையில் ஒரு பாண் பார்சல்.

"என்ன ஆகும் எண்டு எனக்குத் தெரியாது" என்றார். "நான் பின்னேரம் வரைக்கும் இங்க இருப்பன். நீர் சாப்பிடும்."

வாங்கில் என் பக்கத்தில் பின்னேரம் வரை உட்கார்ந்திருந்தார். அன்று நான் நம்பியது அவர் ஒருவரைத்தான். அப்பா பிழைத்தார். பிழைக்காமல் போயிருந்தாலும் அக்கா சொன்ன எதுவும் பொய்யாகியிருக்காது.

ராமு அண்ணன் மலைக்கு அந்தப் பக்கம் ஒரு தோட்டத்து ஸ்டோரில் டிரையர்காரர். எங்கள் பெட்டியைப் பரீட்சார்த்தமாக முதலில் பூட்டியது அங்கேதான். ஐம்பது வயதிருக்கும். வெற்றிலைச் சிவப்பு வாய். எங்களுக்குப் பால் சேர்க்காத சாயத்தண்ணி போட்டுக் கொடுத்துக்கொண்டே பெட்டியைக் கேலி செய்வார்.

"என்ன மிஸ், எனக்குப் பதிலா இதுதான் இனிமே வேல பாக்குமா? அப்படீன்னா இதுக்கும் சம்பளத்துக்கு ஒரு பேர் போடச் சொல்லுங்க. வெத்தல வாங்கிக் குடுக்க வேண்டியதில்ல, அது ஒண்ணுதான் மிச்சம்."

அக்கா சிரிப்பார். அவரைச் சிரிக்க வைத்தவர்கள் குறைவு.

அக்கா அவருக்குச் சொல்லிக் கொடுத்தது இது: பெட்டி உறைந்து, திரையில் வரி வரியாக எழுத்து வந்தால் முதலில் போனில் படம் எடுக்க வேண்டும். எடுத்த பிறகு கை சுவிட்சுக்கு மாற்றி, பழைய மாதிரி விசிறியைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும். விழுந்தால் தானாக எழும் வசதியைச் சோதனைக் காலம் முடியும் வரை அக்கா நிறுத்தி வைத்திருந்தார், எழுந்தால் எண்கள் போய்விடும் என்று. தோட்டத்துக்கும் அது தெரியும். ஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கர் தலையை ஆட்டியிருந்தார். எழுத்தில் யாரும் எதுவும் வைக்கவில்லை.

பெட்டி ஒரு காலையில் விழுந்தது. ராமு அண்ணன் சொன்னபடியே போனை எடுத்தார். கூரைத் தகட்டிலிருந்து வந்த வெளிச்சம் திரையில் பட்டுக் கண்ணைக் கூசியது. முதல் படம் வெள்ளையாக வந்தது, இரண்டாவது ஆடிப்போனது. சாய்ந்து நின்று மூன்றாவது எடுத்தார். அதற்குள் விசிறி முழு வேகத்தில் ஊதிக்கொண்டே இருந்தது. டிரையருக்குள் இருந்த தூள் கருகிப் புகை கிளம்பியது. டீமேக்கர் உள்ளே ஓடி வந்தபோது பார்த்தது, புகைக்கு நடுவே போனைப் பிடித்துக்கொண்டு நின்ற ராமு அண்ணனைத்தான்.

அந்தப் புகையில் ஒரு கொழுந்து நாளின் தேயிலை போனது. டிரையரின் தட்டுகள் வளைந்தன. டிரையரின் கதவைத் திறக்கப் போன ராமு அண்ணனின் முன்கை வெந்தது. தோட்டம் அவரை வேலையிலிருந்து நிறுத்தி, விசாரணைக்கு நாள் குறித்தது.

எங்களுக்கு வந்தது அந்த மூன்றாவது படம் மட்டும். அதிலும் பாதிதான் உருப்படி. எந்தக் கட்டளையில் நின்றது என்று சொல்லும் வரி வெளிச்சத்தில் மறைந்திருந்தது. அக்கா தெரிந்த எண்களை எழுதிக்கொண்டு உட்கார்ந்தார். சாப்பாட்டுப் பார்சல் பிரிக்காமலே கிடந்தது.

விசாரணைக்கு முதல் நாள் நான் கேட்டேன். "அக்கா, பெட்டிதானே?"

"எங்க விழுந்தது எண்டே தெரியேல்லை."

"நாளைக்கு அங்க என்ன சொல்லுவீங்க?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லுவன்."

"ராமு அண்ணன் வேல போயிரும் அக்கா."

அவர் பென்சிலை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "எனக்கு அது தெரியாதெண்டே நினைக்கிறீர்?" என்று கேட்டார். பிறகு மறுபடியும் தாளுக்குத் திரும்பினார்.

விசாரணை தோட்டத்து ஆபீசில் நடந்தது. தோட்டத்து மேலாளரான பெரிய துரை மேசைக்குப் பின்னால். டீமேக்கர் ஒரு பக்கம். பாதி சிங்களம், பாதி ஆங்கிலம். ராமு அண்ணன் கையில் கட்டோடு கதிரையின் நுனியில் உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்திலிருந்து ஆங்கிலத்தை மட்டும் அவருக்கு மெதுவாகத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

முதல் கேள்வி, போன். படம் எடுக்கச் சொன்னது தான்தான் என்று அக்கா சொன்னார். அதைத் தெளிவாக, இரண்டு தடவை சொன்னார். டீமேக்கரிடம் திரும்பி, "அதைச் சொல்லும்போது நீங்களும் நிண்டீங்கள்" என்றார். டீமேக்கர் மறுக்கவில்லை. ராமு அண்ணனின் தோள் கொஞ்சம் தளர்ந்தது.

பெரிய துரை அடுத்ததைக் கேட்டார். அவர் முரடர் இல்லை. நிதானமாகத்தான் கேட்டார்.

"படம் எடுத்தது சரி. அது பிறகு நடந்தது. எனக்கு முந்தியது வேண்டும். இவர் விறகை அளவுக்கு மேல் போட்டுச் சூடு ஏறி, அதனால் உங்கள் பெட்டி நின்றதா? இல்லை, பெட்டி தன் பிழையால் நின்றதா?"

"தெரியாது."

"நீங்கள் செய்த பெட்டி."

"ஓம். பாதி எண்கள் படத்தில இல்லை. இன்னும் பாத்துக்கொண்டிருக்கிறன்."

"எப்போது தெரியும்?"

"அதுவும் தெரியாது."

பெரிய துரை பேனாவை மூடினார். "மிஸ், எனக்கு உங்கள் கருத்துப் போதும். உங்கள் அனுபவத்தில் எது இருக்கலாம்?"

அறையில் எல்லோரும் அக்காவைப் பார்த்தோம். கேள்வி சிங்களத்தில் வந்தது, ராமு அண்ணனுக்குச் சிங்களம் நன்றாகத் தெரியும். நான் மொழிபெயர்க்கத் தேவையில்லாமல் போயிருந்தது. அவர் கண் அக்காவின் முகத்திலேயே இருந்தது.

"கருத்துச் சொல்ல என்னட்ட ஒண்டும் இல்லை" என்றார் அக்கா.

விசாரணைக்கு வந்திருந்த எங்கள் மனேஜர், நிறுவனத்தின் பெயர் காப்பாற்றப்பட்டது என்று வெளியே வந்ததும் அக்காவின் கையைப் பிடித்துக் குலுக்கப் போனார். அக்கா கையை எடுத்துக்கொண்டார். அவர் நிறுவனத்துக்காகச் சொல்லவில்லை. அதை நான் எங்கேயும் சத்தியம் செய்து சொல்வேன். ஆனால் நிறுவனத்துக்காகச் சொல்லியிருந்தாலும் வார்த்தைகள் இவைதான். ஒன்றுகூட மாறியிருக்காது.

பெட்டிக்காரரே பெட்டியைக் குறை சொல்லவில்லை என்பதால் தோட்டம் ராமு அண்ணனை ஸ்டோரிலிருந்து நீக்கியது. மனைவி கொழுந்து எடுப்பவர் என்பதால் குடியிருந்த லயத்துக் காம்பரா மட்டும் மிஞ்சியது. டிரையரை எரித்தவர் என்ற பேச்சு பக்கத்துத் தோட்டங்களுக்கும் போய், வேறு ஸ்டோர்களும் அவரை எடுக்கவில்லை. அவர் டவுனில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் சீமெந்து மூட்டை இறக்கப் போனார்.

நவ்ஷாத் அக்காவோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டார். ஒருநாள் மட்டும் கேட்டார். "ராத்தா, ஒரு சொல்லு. 'பெட்டியா ஈக்கலாம்'. அவ்வளவுதானே?"

"இல்லாமலும் இருக்கலாம்."

"அந்த மனுசனுக்கு அது போதுமா ஈந்திருக்கும்."

"பொய்யா இருந்தா?"

நவ்ஷாத் சாலிடர் இரும்பை எடுத்துத் துடைத்தார். முன்பு அந்தக் கடிதத்தைக் கிழிக்க வைத்ததும் இதே வாய்தான்.

அக்கா மற்ற வேலைகளை முடித்துவிட்டு அந்தப் படத்துக்கே திரும்பத் திரும்பப் போனார். பல வாரங்கள் போயின. ஒரு மத்தியானம் என்னைக் கூப்பிட்டு, "இதைப் பாரும்" என்றார். தெளிவாக விழுந்திருந்த ரெஜிஸ்டர்களில் ஒன்று. நினைவகத்தில் ஓர் இடத்தின் முகவரி இருக்க வேண்டிய ஒன்று. அதில் 20323031 என்று இருந்தது. எங்கள் பெட்டியில் அப்படி ஒரு முகவரியே கிடையாது. நாங்கள் எல்லோரும் அதைக் குப்பை எண் என்று தள்ளியிருந்தோம்.

"இரண்டு இரண்டாப் பிரிச்சு, பின்னாலயிருந்து வாசியும்."

31, 30, 32, 20. கணினி எழுத்துக்களைச் சேமிக்கும் எண்கள் அவை. ஒன்று, பூச்சியம், இரண்டு, ஓர் இடைவெளி. 102. அது முகவரி அல்ல. டிரையரின் சூடு.

மிச்சம் விரைவாக அவிழ்ந்தது. கடைசியாக வந்த சூட்டு அளவுகளை, கேர்னலுக்குள் நாங்கள் எழுதிய பகுதி ஒரே வரியாகக் கோத்து வைக்கும். இரண்டு இலக்க அளவுகளுக்குத்தான் அந்த வரிக்கு இடம் விட்டிருந்தோம். சூடு நூறைத் தாண்டிச் சிறிது நேரம் நின்றால் வரி நீண்டு, பக்கத்தில் இருந்த முகவரியின் மேல் எழுதிவிடும். அந்த முகவரியைத் தேடிப் போகும் கேர்னல் விழும். நூறை இலேசாகத் தாண்டுவது ஸ்டோரில் சாதாரணம். காய்ந்த விறகு வந்தால் தாண்டும். தாண்டினால் காற்றைக் குறைக்கத்தான் பெட்டியே இருக்கிறது. குறைக்க வேண்டிய நேரத்தில் அது விழுந்தது.

அக்கா மேசையில் அதே நிலைமையை உண்டாக்கிப் பெட்டியைத் திரும்பத் திரும்ப விழ வைத்தார். ஒவ்வொரு முறையும் அந்த ரெஜிஸ்டரில் சூடு இருந்தது. பிறகுதான் எழுந்தார்.

"எங்கட பிழை" என்றார். "அவரில ஒண்டும் இல்லை."

அக்கா எழுதிய அறிக்கையை மனேஜர் வெளியே கொடுக்க விரும்பவில்லை. அக்கா அவரிடம் அனுமதி கேட்கவும் இல்லை. அடுத்த நாள் காலை நானும் அவரும் பஸ் ஏறிப் போனோம். பெரிய துரை அறிக்கையை முழுவதும் வாசித்தார். முகம் இறுகியது. வருத்தப்படுவதாகச் சொன்னார், உண்மையாகத்தான் சொன்னார். டிரையருக்கு ஆள் எடுத்தாயிற்று, அந்த ஆளைத் தூக்க முடியாது, ஸ்டோரில் வேறு இடமும் இல்லை என்றார்.

அங்கிருந்து லயத்துக்கு இறங்கினோம். கடை லீவு என்பதால் ராமு அண்ணன் வீட்டில் இருந்தார். தோளில் சீமெந்துத் தூள் தின்ற காய்ப்பு. அக்கா அறிக்கையின் ஒரு பிரதியை நீட்டி, எண்களை விட்டுவிட்டு, நடந்ததை அவருக்கு விளங்கும்படி சொன்னார். அவர் இடைமறிக்காமல் கேட்டார். பிறகு ஒன்றே ஒன்று கேட்டார்.

"அன்னைக்கு ஆபீசுல, ஒங்க மனசுல என்ன மிஸ் இருந்துச்சு?"

"பெட்டி எண்டுதான் இருந்தது."

"எம்புட்டு?"

அக்கா அந்தக் கேள்வியிலிருந்தும் தப்பிக்கவில்லை. "கிட்டத்தட்ட முழுக்க."

ராமு அண்ணன் தலையை ஆட்டினார். "எனக்காகப் பொய் சொல்லுங்கன்னு நான் கேக்கல மிஸ். மனசுல உள்ளதச் சொல்லுவீங்கன்னுதான் ஒங்க மொகத்தையே பாத்துக்கிட்டு இருந்தேன்."

"அது சாட்சி இல்லை, அண்ணன்."

"எனக்கு வேற சாட்சி யாரு இருந்தா?"

அக்கா ஏதோ சொல்ல வாயெடுத்தார். பதில் இல்லை என்று சொல்லவும் அவருக்கு வரவில்லை.

ராமு அண்ணன் எழுந்தார். "ஒரு ஒதவி பண்ணுங்க. இந்தப் பேப்பரு எனக்கு வேணாம். வெளிய வந்து, இந்த லயத்துல உள்ளவங்க காதுல விழுற மாதிரி ஒருக்காச் சொல்லிட்டுப் போங்க. கூட்டத்துல நடக்கும்போது எம் பின்னால 'தூளு எரிச்சவரு'ன்னு கேக்குது."

நான்கு பேருக்கு முன்னால் பேசச் சொன்னாலே ஒதுங்கிக்கொள்ளும் அக்கா, லயத்து வாசலில் போய் நின்றார். வேலை விட்டு வந்த பெண்கள் குழாயடியில் இருந்தார்கள். கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சிலர் திரும்பினார்கள்.

"நான் அந்தப் பெட்டி செய்த ஆள்" என்றார். "டிரையர் எரிஞ்சதுக்கு இவர் காரணம் இல்லை. நாங்கள் செய்த பெட்டிதான் காரணம். இவர் நாங்கள் சொன்னதைத்தான் செய்தவர்."

"நெசமாவா மிஸ்?" என்று ஒருத்தி கேட்டாள்.

"ஓம். நிச்சயம்."

யாரோ ராமு அண்ணனைப் பார்த்து, "பாத்தியாண்ணே, நான் அப்பவே சொன்னேன்ல" என்றார். அவர் சொல்லியிருக்க மாட்டார் என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரிந்திருக்கும். ராமு அண்ணன் சிரித்தார். அந்த விபத்துக்குப் பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

ராமு அண்ணனின் மனைவி குழாயில் குடம் பிடித்துக்கொண்டிருந்தார். அவர் நிமிர்ந்து, நேரே அக்காவிடம் கேட்டார்.

"அப்ப இவருக்கு ஸ்டோர்ல வேல திரும்பக் கெடைக்குங்களா மிஸ்?"

நான் அக்காவின் கையைத் தொட்டேன். கேட்டுப் பார்ப்போம், பேசிப் பார்ப்போம், இப்போதைக்குத் தெரியாது. என்ன வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள். நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

"கிடைக்காது" என்றார் அக்கா.

அந்த அம்மா குழாயை மூடினார். பாதி நிறைந்த குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு எங்களைத் தாண்டி உள்ளே போனார்.